எல்லையில் நின்ற ரயில்: ஹாங்காங் கைமாற்றத்தில் சட்டமன்ற விதிகள் பட்ட பாடு

1997 ஜூலை 1. பிரிட்டிஷ் கொடி இறங்கிச் சீனக் கொடி ஏறி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. விடியற்காலை 2.45 மணிக்கு ஹாங்காங்கில் ஒரு சட்டமன்றம் கூடியது. எடுத்துக்கொண்ட முக்கிய வேலை ஒரு மசோதா, மறு இணைப்புச் சட்டம். மூன்று வாசிப்புகளும் ஒரே அமர்வில் முடிந்து விடிவதற்குள் சட்டமும் ஆகிவிட்டது. அதன் பிரிவுகளில் ஒன்று வேடிக்கையானது. இதே அவை முந்தைய மாதங்களில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஷென்சென் நகரில் உட்கார்ந்து நிறைவேற்றிய 13 மசோதாக்களுக்கு, இப்போது இந்தப் பக்கம் வந்து தானே ஒப்புதல் கொடுத்துக்கொண்டது.

ஒரு சட்டமன்றம் தன் பழைய வேலையைத் தானே செல்லுபடியாக்கும் நிலை ஏன் வந்தது? கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டனின் பிடிவாதம், பெய்ஜிங்கின் கோபம் என்று இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விடைகளில் உண்மை உண்டு. ஆனால் அடியில் இருந்தது ஒரு வரைவுப் பிரச்சினை. இடங்களின் எண்ணிக்கையை இரு தரப்பும் வெகு முன்பே பேசி முடித்திருந்தன. அந்த இடங்களுக்கு யார் ஓட்டுப் போடுவது, வென்றவர்களை யார் ஏற்றுக்கொள்வது என்ற இரண்டையும் மட்டும் மங்கலாக விட்டுவிட்டார்கள். ஐந்து ஆண்டுச் சண்டையும் அந்த மங்கலுக்குள்தான் நடந்தது.

எது தானாகக் கடந்தது, எது கடக்கவில்லை

ஆட்சி கைமாறும்போது சட்டமன்றத்தைச் சேர்ந்த மூன்று பொருள்கள் எல்லையைக் கடக்க வேண்டியிருக்கிறது: அது இயற்றிய சட்டங்கள், அதன் உறுப்பினர்கள், அது நடக்கும் முறை. ஹாங்காங்கில் இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு விதிகள்.

1984 டிசம்பர் 19-ல் கையெழுத்தான சீன-பிரிட்டிஷ் கூட்டுப் பிரகடனம், நடப்பிலுள்ள சட்டங்கள் அடிப்படையில் மாறாமல் தொடரும் என்றது. கைமாறிய ஹாங்காங்குக்கு அரசியலமைப்பு போல் இருக்க 1990 ஏப்ரல் 4-ல் வெளியான அடிப்படைச் சட்டத்தின் 8, 160 ஆகிய பிரிவுகள் அதைத் துல்லியப்படுத்தின. அடிப்படைச் சட்டத்துக்கு முரணானது என்று சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழு அறிவித்தவை நீங்கலாக எல்லாச் சட்டமும் ஏற்கப்படும். ஆகவே ஒரு சட்டத்துக்கு இயல்பு நிலை கடப்பதுதான். அதை நிறுத்தத்தான் அறிவிப்பு தேவை. 1997 பிப்ரவரி 23-ல் அந்த அறிவிப்பு வந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட சட்டங்களில் 14 முழுமையாகவும் 10 பகுதியாகவும் நின்றன. நின்றவற்றில் பேட்டன் காலத் தேர்தல் சட்டங்களும், உரிமைகள் சட்டத்துக்கு மற்ற சட்டங்களின் மேல் முதன்மை தந்த பிரிவுகளும் இருந்தன.

உறுப்பினருக்கு விதி நேர்த் தலைகீழ். அவருக்கு இயல்பு நிலை நிற்பது. கடக்கத்தான் அனுமதி தேவை. அடிப்படைச் சட்டம் வெளியான அதே நாளில் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ் தனியாக ஒரு தீர்மானமும் நிறைவேற்றியது. கைமாறிய ஹாங்காங் என்ற புதிய பிரதேசத்தின் முதல் சட்டமன்றத்தில் 60 பேர்: நேரடித் தேர்தலில் 20, தேர்தல் குழு வழியாக 10, வணிகர், மருத்துவர் போன்ற வட்டங்களுக்கான தொழில்வாரித் தொகுதிகளிலிருந்து 30. பிரிட்டிஷ் காலத்தின் கடைசி மன்றம் இந்தத் தீர்மானத்துக்கும் அடிப்படைச் சட்டத்துக்கும் ஒத்த அமைப்புடையதாக இருந்தால், அடிப்படைச் சட்டத்தை ஆதரித்துப் புதிய பிரதேசத்துக்கு விசுவாச உறுதி அளிக்கும் உறுப்பினர்கள், சீனா அமைக்கும் தயாரிப்புக் குழு உறுதிசெய்த பிறகு, முதல் மன்றத்தின் உறுப்பினர்களாகத் தொடரலாம். இதற்குத்தான் நேரடி ரயில் என்று பெயர். 1995-ல் ஏறியவர் 1999-ல் இறங்குவார், நடுவில் எல்லையில் வண்டி மாற வேண்டாம் என்பது கணக்கு.

மூன்றாவது பொருளான அவை விதிகள் சட்டமும் இல்லை, ஆளும் இல்லை. காலனி ஆட்சியில் அவற்றின் அடித்தளம் அரச சாசனமும் அரச அறிவுறுத்தல்களும். ஜூன் 30 நள்ளிரவில் அந்த இரண்டும் காலாவதி. அடிப்படைச் சட்டத்தின் 75-ம் பிரிவு, அவை தன் நடைமுறை விதிகளைத் தானே செய்துகொள்ளலாம், ஆனால் அந்த விதிகள் அடிப்படைச் சட்டத்துக்கு முரணாகக் கூடாது என்றதோடு நிறுத்திக்கொண்டது. அந்த ‘ஆனால்’ பின்னாளில் நீதிமன்றம் வரை போனது.

எண்ணிக்கை ஒப்பந்தமும் ஏழு கடிதங்களும்

1990 ஜனவரி, பிப்ரவரியில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்டும் சீன வெளியுறவு அமைச்சர் சியான் சிச்சென்னும் ஏழு கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். பேரம் நேரடி இடங்கள் பற்றியது. 1991-ல் 18, 1997-ல் 20 என்று முடிந்தது. தேர்தல் குழு பற்றியும் சீனா ஓர் அமைப்பை முன்வைத்தது. ஹர்ட் கொள்கை அளவில் சரி, நுணுக்கங்களைப் பிறகு பேசலாம் என்று எழுதினார்.

பேச்சுவார்த்தை மேசையில் ‘கொள்கை அளவில் சரி’ என்பதைப் போல ஆபத்தான சொல் குறைவு. எழுதியவருக்கு அது கதவைத் திறந்து வைப்பது, வாங்கிக்கொண்டவருக்கு அது கையெழுத்து. 1992 அக்டோபரில் சண்டை மூண்டதும் இந்தக் கடிதங்கள் வெளியிடப்பட்டன. இரு தரப்பும் அதே வரிகளைக் காட்டித் தங்கள் வாதமே சரி என்றன.

அந்த மாதம் 7-ம் தேதி, பதவியேற்று மூன்றே மாதமான ஆளுநர் கிறிஸ் பேட்டன் தன் கொள்கை உரையில் வைத்த திட்டம், வரைவு என்ற அளவில் மிகச் சாமர்த்தியமானது. 20, 10, 30 என்ற எண்களில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. எண்களுக்குள் இருந்ததை மாற்றினார். தொழில்வாரித் தொகுதிகளில் ஏற்கனவே 21 இருந்தன. அவற்றில் நிறுவனங்களின் பெயரில் போடப்பட்ட ஓட்டை நிறுவனத்தில் உள்ள தனிநபர்களுக்கு மாற்றினார். மீதி 9 இடங்களைத் துறைவாரியாகப் பிரித்து, வேலை செய்யும் மக்கள் அனைவரையும், சுமார் 27 லட்சம் பேரை, வாக்காளர்களாக்கினார். தேர்தல் குழுவை மாவட்ட வாரியங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்டே அமைப்பது என்றார். வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18, ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், உள்ளாட்சிகளில் நியமன இடங்கள் ரத்து.

சீனத் தரப்பின் கண்ணில் இது பெயர்ப் பலகையை மட்டும் விட்டுவிட்டுக் கடையை மாற்றிய வேலை. தொழில்வாரித் தொகுதி என்றால் வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்று வரையறுத்த வட்டத்தின் பிரதிநிதித்துவம். தேர்தல் குழு என்றால் நான்கு துறைகளிலிருந்து சம பங்கு. இப்படித்தான் பொருள் கொண்டிருந்தார்கள். ஆனால் 1990 தீர்மானத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. நான்கு துறை அமைப்பு அடிப்படைச் சட்டத்தின் இணைப்பில் இருந்தது, ஆனால் அது அடுத்தடுத்த கட்டங்களுக்கானது. பேட்டன் அந்த இடைவெளியில் நுழைந்தார். ஹாங்காங் விவகாரங்களைக் கையாண்ட லூ பிங் அவரை ஆயிரம் ஆண்டுக்கும் பழி சுமப்பவர் என்று திட்டியது 1993 மார்ச்சில்.

பேட்டனின் வாசிப்பு சட்டப்படி தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி நிற்கிறது. உறுப்பினர்களை உறுதிசெய்யும் தயாரிப்புக் குழுவை அமைப்பது சீனா. அளவுகோலும் அதனிடமே. சாவி எதிர்த்தரப்பின் சட்டைப்பையில் இருக்கும்போது, ஒப்பந்த வரிகளை எவ்வளவு நுட்பமாக வாசித்தாலும் பூட்டு திறக்காது. இந்த ஓட்டையை அடைக்க பிரிட்டன் முயன்றது, ஆனால் மசோதாவை அரசிதழில் வெளியிட்ட பிறகு.

பதினேழு சுற்றுகள்

பேச்சுவார்த்தை 1993 ஏப்ரல் 22-ல் பெய்ஜிங்கில் தொடங்கி நவம்பர் 27 வரை 17 சுற்றுகள் ஓடியது. தொடங்குவதற்கு முன்பே ஒரு தகராறு. ஹாங்காங் அரசு அதிகாரிகள் பிரிட்டிஷ் குழுவின் உறுப்பினர்களா, வெறும் நிபுணர்களா? உறுப்பினர் என்றால் ஹாங்காங்கும் ஒரு தரப்பு என்றாகும். மூன்று கால் முக்காலியில் உட்கார மாட்டோம், இது இரு நாடுகளின் விஷயம் என்பது பெய்ஜிங்கின் பழைய நிலைப்பாடு.

உள்ளே பேசியதில் எளிதான பகுதியும் இருந்தது, வாக்கு வயது போன்றவை. பிரிட்டன் இரண்டு இடங்களில் இறங்கியும் வந்தது. ஒன்பது புதிய தொகுதிகளின் வாக்காளர்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கத் தயார் என்றது. தேர்தல் குழுவின் அமைப்பிலும் விட்டுக்கொடுக்க முன்வந்தது. முடிச்சு விழுந்தது வேறு இடத்தில். ‘அடிப்படைச் சட்டத்தை ஆதரிப்பவர்’ என்பதற்குப் புறநிலையான அளவுகோல்களை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்றது பிரிட்டன். 1989 தியானன்மென்னுக்குப் பிறகு சீன ஜனநாயக இயக்கத்தை ஆதரித்துக் கூட்டமைப்பு நடத்திய மார்ட்டின் லீ, ஸீட்டோ வா போன்றோர் ரயிலில் ஏறலாமா கூடாதா என்பதே அதன் உட்பொருள். பெய்ஜிங் எழுதித் தர மறுத்தது. எழுதினால் தயாரிப்புக் குழுவின் அதிகாரம் வெறும் முத்திரை குத்தும் வேலையாகிவிடும்.

கடைசியில் எளிதான பகுதியை முதல் கட்டமாகப் பிரித்து முடிக்கலாம் என்று பார்த்தார்கள். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பது உள்ளாட்சிக்கு மட்டுமா, சட்டமன்றத்துக்குமா என்பதில் அதுவும் உடைந்தது.

காலமும் நெருக்கியது. மாவட்ட வாரியத் தேர்தல் 1994 செப்டம்பரில், சட்டமன்றத் தேர்தல் 1995 செப்டம்பரில். தொகுதி வரைதல், வாக்காளர் பதிவு, அவையில் மசோதா என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் 1993 முடிவுக்குள் சட்ட வரைவு மேசைக்கு வர வேண்டும். இப்படி ஒரு கடைசி நாளை வைத்துக்கொண்டு பேசுபவரை, அப்படி எதுவும் இல்லாதவர் வெறுமனே காத்திருந்தே வெல்லலாம்.

அவை என்ற மூன்றாவது கை

இரு அரசுகள் மட்டுமே பேசின. ஆனால் சட்டம் ஆக வேண்டியது ஹாங்காங் மன்றத்தில். இதன் பொருளை 1991-லேயே பார்த்தாயிற்று. இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர் கூடாது என்று இரு தரப்பும் செப்டம்பரில் ஒப்புக்கொண்டதை டிசம்பரில் மன்றம் நிராகரித்தது. அந்தச் சட்டம் 1995-ல்தான் நிறைவேறியது.

பேட்டனின் பிரதான மசோதா 1994 ஜூன் 29-ல் அவைக்கு வந்து, விவாதம் மறுநாள் விடியலைத் தொட்டது. திட்டத்தை மிதப்படுத்தும் லிபரல் கட்சித் திருத்தம் 28-க்கு 29 என ஒரே ஓட்டில் தோற்றது. அரசு அதிகாரிகள் மூவருக்கும் அப்போது அவையில் ஓட்டு உண்டு என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு ஓட்டின் எடை தெரியும். மசோதா 32-க்கு 24-ல் நிறைவேறியது. அறுபது இடங்களுக்கும் நேரடித் தேர்தல் கேட்ட எமிலி லாவின் தனிநபர் மசோதாவும் 20-க்கு 21 என ஒரு ஓட்டில் விழுந்தது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. 1994 ஆகஸ்ட் 31-ல் பெய்ஜிங் நிலைக்குழு, பிரிட்டிஷ் காலச் சட்டமன்றம், நகராட்சி மன்றங்கள், மாவட்ட வாரியங்கள் எல்லாம் 1997 ஜூன் 30-ல் முடியும் என்று தீர்மானித்தது. 1995 செப்டம்பர் 17 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள், பாதி வழி மட்டுமே போகும் வண்டிக்கு டிக்கெட் எடுக்கிறோம் என்று தெரிந்தே போட்டார்கள். உள்ளாட்சிகளில் மட்டும் பழைய உறுப்பினர்களை அப்படியே வைத்துக்கொண்டு புது நியமனங்களைச் சேர்த்துத் ‘தற்காலிக’ என்று பெயர் மாற்றினார்கள். அங்கே யாருக்கும் பயம் இல்லை.

உரையில் இல்லாத ஒரு மன்றம்

ரயில் நின்றால் ஜூலை 1 அன்று சட்டமன்றமே கிடையாது. பட்ஜெட், வரி, நீதிபதி நியமனத்துக்கு ஒப்புதல், முதல் தேர்தலுக்கே தேவையான தேர்தல் சட்டம் எதுவும் நகராது. 1996 மார்ச் 24-ல் தயாரிப்புக் குழு தற்காலிகச் சட்டமன்றம் ஒன்றை அமைக்கத் தீர்மானித்தது. எதிர்த்தவர் ஒருவரே, ஃபிரெடரிக் ஃபங். 400 பேர் கொண்ட தேர்வுக் குழு டிசம்பர் 21-ல் ஷென்சென்னில் 60 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் 33 பேர் அப்போதைய சட்டமன்றத்திலும் உறுப்பினர்கள். வார நாட்களில் ஹாங்காங்கில் ஒரு மன்றம், சனிக்கிழமை எல்லை தாண்டி இன்னொரு மன்றம் என்று மாறி மாறி உட்கார்ந்தார்கள். 1997 ஜனவரி 25-ல் நடந்த முதல் கூட்டம் ரீட்டா ஃபானைத் தலைவராக்கியது.

ஷென்சென்னில் கூடியதற்குக் காரணம் வசதி அல்ல. ஹாங்காங் மண்ணில் கூடினால் அங்குள்ள நீதிமன்றத்தில் யாராவது வழக்குப் போடலாம். நடப்பில் உள்ள சட்டப்படி ஒரே சட்டமன்றம்தானே. ஆனால் வெளியே கூடியதற்கு வேறு விலை உண்டு. அங்கே நிறைவேறியது எதுவும் சட்டம் ஆகாது, வெறும் காகிதம். அதனால்தான் ஜூலை 1 விடியற்காலைச் சடங்கு.

‘தற்காலிகச் சட்டமன்றம்’ என்ற சொல்லே அடிப்படைச் சட்டத்தில் இல்லை. முதல் சட்டமன்றத்தை அமைக்கும் முறையை வகுக்கத் தயாரிப்புக் குழுவுக்குத் தரப்பட்டிருந்த அதிகாரத்திலிருந்து இதையும் வருவித்தார்கள். ஆக, எழுதாத இடத்தில் தன் வசதிக்கு எழுதிக்கொண்டவர் பேட்டன் மட்டும் அல்ல. கைமாறி ஒரு மாதம் முடிவதற்குள், மா வாய் க்வான் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் பழைய பொதுச் சட்டம் முறையாக ஏற்கப்படவில்லை, அதைத் தொடரச் செய்ததாகச் சொல்லும் தற்காலிக மன்றமும் செல்லாது என்று வாதாடினார்கள். ஜூலை 29-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் நிராகரித்தது. சட்டங்கள் தொடர மறு இணைப்புச் சட்டமே தேவையில்லை, அடிப்படைச் சட்டமே போதும் என்றது. 1999 ஜனவரியில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் மன்றம் செல்லும் என்று சொன்ன பிறகே அந்தக் கேள்வி ஓய்ந்தது.

பணம் மட்டும் சத்தமில்லாமல் கடந்தது. ஹாங்காங் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் 1997-98 பட்ஜெட் இரண்டு ஆட்சிகளிலும் காலை வைத்திருந்தது. இரு தரப்பு நிபுணர்களும் சேர்ந்து அதைத் தயாரித்தார்கள். மன்றம் வழக்கம்போல் நிறைவேற்றியது. சம்பளம் நின்றால் எந்தத் தரப்புக்கும் லாபம் இல்லை என்ற இடத்தில் பேச்சுவார்த்தை இவ்வளவு சுலபம்.

விதிப் புத்தகத்துக்குள்

தேர்தல் சண்டையின் இரைச்சலில் பலர் கவனிக்காமல் விட்ட மாற்றம் அவைக்குள் நடந்தது. என் கணிப்பில் நீண்ட கால விளைவு அதற்கே அதிகம்.

பழைய அவை விதிகளின்படி ஓர் உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவரப் பெரிய தடை ஒன்றுதான். அரசுப் பணத்தைத் தொட்டால் ஆளுநரின் அனுமதி வேண்டும். அடிப்படைச் சட்டத்தின் 74-ம் பிரிவு இதை இறுக்கியது. பொதுச் செலவு, அரசியல் அமைப்பு, அரசின் செயல்பாடு ஆகியவை பற்றி உறுப்பினர் மசோதா கொண்டுவரவே முடியாது. அரசின் கொள்கையைத் தொட்டால், ஆளுநரின் இடத்துக்கு வந்த நிர்வாகத் தலைவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். இது தெரிந்ததால்தான் 1997 ஜூன் கடைசி வாரத்தில் அவ்வளவு நெரிசல். மன்றம் முடிந்தால் முடியாத மசோதாவும் செத்துவிடும், பிறகு அதைக் கொண்டுவர வழியும் இராது. லீ சியூக் யானின் தொழிலாளர் கூட்டுப் பேர உரிமைச் சட்டம் அப்படி நிறைவேறியது. ஜூலையில் தற்காலிக மன்றம் அதை நிறுத்தி வைத்து அக்டோபரில் நீக்கிவிட்டது. அவசரமாகக் கடத்தியதை எதிர்த்தரப்பும் அதே அவசரத்தோடு திருப்பி அனுப்பும்.

இரண்டாவது பூட்டு, பிரிந்த வாக்கெடுப்பு. அரசின் மசோதாவுக்கு அவையில் இருப்போரில் பெரும்பான்மை போதும். உறுப்பினர் கொண்டுவரும் தீர்மானம், மசோதா, திருத்தம் எதுவானாலும் இரண்டு குழுக்களில் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும்: 2021 வரை தொழில்வாரி உறுப்பினர்கள் ஒரு குழு, மற்றவர்கள் இன்னொரு குழு. முப்பது முப்பது பேரும் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு குழுவில் 30 பேரும் மறு குழுவில் 15 பேரும் ஆதரித்த தீர்மானம், அதாவது 45-க்கு 15, தோற்கும். கணக்கு ‘இருப்போரில்’ பெரும்பான்மை என்பதால் நடுநிலை வகிப்பதும் எதிர்ப்பாகவே விழும். உண்மையிலேயே ஒதுங்க நினைப்பவர் அவையை விட்டு எழுந்து போக வேண்டும்.

மூன்றாவது, 67-ம் பிரிவு. சீனக் குடியுரிமை இல்லாதவர்களும் வெளிநாட்டில் வாழும் உரிமை உள்ளவர்களும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய மன்றத்தில் இப்படி வரம்பு எதுவும் இல்லை. வென்றபின் எண்ணி வெளியேற்ற முடியாது என்பதால் 1998-ல் 12 தொழில்வாரித் தொகுதிகளில் மட்டும் அவர்கள் போட்டியிடலாம் என்று முன்பே குறித்துவிட்டார்கள். அறுபதில் 12 சரியாக 20 சதவீதம்.

1998 மே 24 தேர்தல் முறையையும் தற்காலிக மன்றமே வகுத்தது. தொழில்வாரி வாக்காளர் எண்ணிக்கை சுமார் 1.4 லட்சத்துக்குச் சுருங்கியது. நிறுவன ஓட்டு திரும்பியது. தேர்தல் குழு 800 பேர். நேரடி இடங்களில் விகிதாசார முறை வந்தது. ஜனநாயகக் கட்சி இரண்டு தேர்தலிலும் 40 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய ஓட்டே வாங்கியது. 1995-ல் அது 20-ல் 12 இடமாயிற்று, 1998-ல் 9.

போர்ச்சுகல் ஆண்ட மக்காவ் (Macau) பிரதேசத்தில் இதே ரயில் ஓடியது. 1996-ல் தேர்வான பேரவையில் தேர்தலால் வந்தவர்கள், அங்கே ஆட்சி கைமாறிய 1999 டிசம்பர் 20-ஐக் கடந்து 2001 வரை இருந்தார்கள். ஆளுநர் நியமித்த ஏழு பேரின் இடத்தில் மட்டும் புதிய நிர்வாகத் தலைவர் ஏழு பேரை நியமித்தார். போர்ச்சுகல் நேரடி இடங்களை 23-ல் எட்டாகவே விட்டுவைத்தது. உறுதிசெய்யும் குழு எதற்கும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

ஹாங்காங்கில் 75-ம் பிரிவின் அந்த ‘ஆனால்’ இன்னும் பாக்கி இருந்தது. 1998 ஜூலையில் முதல் மன்றம் தன் விதிகளை எழுதியபோது அரசுக்கும் அவைக்கும் மோதல். 74-ம் பிரிவின் தடை உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கு மட்டுமா, அரசு மசோதாவுக்கு அவர் கொண்டுவரும் திருத்தத்துக்குமா? திருத்தத்துக்கும்தான் என்றது அரசு. மசோதா என்றுதான் எழுதியிருக்கிறது, திருத்தத்தை எங்கள் விதியே கவனித்துக்கொள்ளும் என்றது அவை. அரசுப் பணத்தைத் தொடும் திருத்தத்துக்கு மட்டும் தடை வைத்து 57(6) என்ற விதியை எழுதிக்கொண்டது. உறுப்பினர் லியுங் க்வோக் ஹுங் தொடுத்து 2007-ல் தீர்ப்பான வழக்கில் கேள்வி எதிர்த் திசையிலிருந்து வந்தது: அந்தத் தடையாவது எந்தப் பிரிவில் இருக்கிறது? தன் நடைமுறையை வகுக்கும் அதிகாரத்துக்குள் அது அடங்கும் என்று நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது.